மாளிகையும் மாயக்கதையும்

புராணங்கள் கோயில்களில் மட்டும் பிறப்பதில்லை. அரசாங்கக் கட்டடங்களின் தூண்களிலும் அவை கொடிபோல் படர்கின்றன. தேவலோகத்துத் தச்சன் ஓரிரவில் கோயில் கட்டினான் என்றால் நகைக்கிறோம். “நவாப் நினைத்தார், வெள்ளைக்காரர் வரைந்தார், மாளிகை எழுந்தது” என்றால் மட்டும் தலையாட்டி விடுகிறோம். இரண்டு கதைகளிலும் சுண்ணாம்பு குழைத்தவன் இல்லை. பணம் கொடுத்தவனும் இல்லை.

சென்னைக் கடற்கரையை நோக்கி நிற்கும் சேப்பாக்கம் அரண்மனையைப் பாருங்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்தவை அதன் கலச மகாலும் ஹுமாயூன் மகாலும். அவற்றைச் சுற்றி மூன்று கதைகள் உலவுகின்றன.

முதற் கதை, இது நவாபின் செல்வச் செழிப்புக்குச் சின்னம் என்பது. செழிப்பா? மாளிகை எழுவதற்கு ஓராண்டு முன்பே, 1767-இல், அவர் பட்ட கடன்களையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து எழுதவேண்டிய நிலை வந்துவிட்டது! படைச் செலவென்று கும்பினி பணம் கேட்கும்; அதைக் கட்ட, அதே கும்பினியின் ஊழியரிடம் நவாப் வட்டிக்கு வாங்குவார்; ஈடாக நிலவரியை எழுதிக் கொடுப்பார். வட்டி வளர்ந்தது சென்னையில். வாடியது ஆற்காட்டுச் சீமையின் உழவன் வயிறு.

இரண்டாம் கதை, பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி ஊழியரே இதைக் கட்டிய பொறியாளர் என்பது. இது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சான்றோடு நிற்கும் செய்தியோ வேறு. கும்பினிப் படை 1773-இல் தஞ்சையைப் பிடித்து நவாபிடம் கொடுத்தது. 1776-இல் ஆளுநர் பிகட் பிரபு அதை மன்னருக்கே திருப்பியளித்தபோது, தஞ்சையின் வருவாயில் தமக்கு 1,62,000 பவுனும், தனிப்பட்டவர்களிடமிருந்து 72,000 பவுனும் வரவேண்டும் என்று எழுந்தவர் இந்தப் பென்ஃபீல்டு. பூசல் முற்றியது, ஆலோசனை சபையின் பெரும்பான்மையினர் ஆளுநரையே சிறைப்படுத்தினர். 1777-இல் காவலிலேயே பிகட் மாண்டார். பென்ஃபீல்டோ 1780-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் அமர்ந்தார்! இவரைக் கட்டடக் கலைஞர் என்று போற்றுவோர், கடன்காரர் என்ற பாதியை ஏன் மறைக்க வேண்டும்?

மூன்றாம் கதை, ‘இந்தோ சாரசெனிக்’ பாணிக்கு இதுவே முதல் வித்து, அது வெள்ளையர் மூளையில் முளைத்தது என்பது. மதுரைக்குச் செல்லுங்கள். 17-ஆம் நூற்றாண்டிலேயே திருமலை நாயக்கர் அரண்மனையில் குவிமாடமும் வளைவும் தூணும் கலந்து நிற்கின்றன. பின்னாளில் சேப்பாக்கம் மாளிகையின் இரு பகுதிகளையும் கோபுரத்தால் இணைத்த இராபர்ட் சிசோம், அந்த மதுரை அரண்மனையைச் சீரமைத்தவரும் ஆவார். மாணவர் யார், ஆசான் யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கடனின் கதை நெடியது. 1785 பிப்ரவரி 28-இல் எட்மண்டு பர்க் பாராளுமன்றத்தில் இக்கடன்களைச் சாடினார். எனினும் ஆராயாமலே அவற்றை ஏற்றது அமைச்சரவை. 1801-இல் ஆட்சியே கும்பினியின் கைக்குப் போயிற்று. 1805-இல் அமைந்த ஆணையத்தார் கணக்குகளை ஆராய்ந்தபோது, கோரப்பட்ட தொகையில் மிகப் பெரும்பகுதி செல்லாதது எனத் தள்ளுண்டது. 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்தபின், மாளிகை கடனுக்காக ஏலத்துக்கு வந்தது. அரசே வாங்கி அலுவலகமாக்கியது. 2012 சனவரியில் கலச மகால் தீக்கிரையானது; தீயை அணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிரீந்தார். பொதுப்பணித் துறை அதை மீண்டும் எழுப்பியது.

ஆக, வரியாக ஒருமுறை, ஏலத்தில் ஒருமுறை, தீக்குப்பின் ஒருமுறை என்று மும்முறை விலை கொடுத்தவர்கள் மக்கள். பெயர் மட்டும் பிறருக்கு!

மாளிகையை இடிக்கச் சொல்லவில்லை. அதன் அழகை வெறுக்கவும் இல்லை. அந்த வளைவுகளை வளைத்தவை கொத்தர்களின் விரல்கள். அவை நம் உடைமை. கட்டடத்தைப் புதுப்பித்தோம், கதையை இன்னும் புதுப்பிக்கவில்லை. பள்ளிப்பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், “யார் கட்டினார்?” என்பதோடு, “யார் பணத்தில்?” என்றும் கேட்கக் கற்றுத் தரட்டும். அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளையிடம் எந்தப் புராணமும் செல்லாது.