கோபன்ஹேகனின் கரிக் கணக்கு

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன், 2025-ஆம் ஆண்டுக்குள் உலகத் தலைநகரங்களில் முதலாவதாகக் கரிச் சமநிலையை, அதாவது வெளிவிடும் கரியமில வாயுவை முழுவதும் ஈடுகட்டும் நிலையை, எய்திவிடுவதென்று 2012-இல் நகர சபையில் தீர்மானம் செய்தபோது, அதை வெறும் ஆடம்பரப் பிரகடனமென்று தள்ளிவிட முடியவில்லை. ஏனெனில் அதற்கான அஸ்திவாரம் அந்நகரத்து வீதிகளுக்கடியில் வெகுகாலம் முன்பே புதைக்கப்பட்டிருந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட அத்தேசம், 1979-இல் வெப்ப விநியோகச் சட்டம் இயற்றி, மின்நிலையங்களில் வீணாகும் வெப்பத்தை வெந்நீராக்கிக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டை ஊர் ஊராகப் பரப்பியது. கோபன்ஹேகனில் ஏறத்தாழ நூற்றுக்கு 98 பங்கு வெப்பத் தேவை இக்குழாய்களாலேயே நிறைவேறுவதால், எரிபொருளை மாற்றுவதற்கு லட்சக்கணக்கான குடித்தனக்காரர்களின் மனத்தை மாற்ற வேண்டியதில்லை. சில உலைகளை மாற்றினால் போதும். திட்டத்தின் மெய்யான பலம் இதுவே என்பது என் அபிப்பிராயம். அந்நகரத்துப் படங்களில் தவறாமல் வரும் சைக்கிள்களெல்லாம் இதற்கப்புறந்தான்.

பலவீனமும் அந்த உலைவாயிலேயே தொடங்குகிறது. நிலக்கரிக்குப் பதிலாக மரச்சில்லுகளை எரித்தால், வெட்டிய மரம் மறுபடி வளர்ந்து, எரியும்போது கிளம்பிய கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் என்ற நியாயத்தின்பேரில் ஏட்டில் பூஜ்யம் எழுதப்படுகிறது; புகையோ இன்றைக்கு எழுகிறது, மரமோ சாவதானமாகப் பல்லாண்டுகளில் வளர்கிறது. ஊருக்கு வெளியே சுழலும் காற்றாலைகள் உபரியாகத் தரும் மின்சாரம், ஊருக்குள் ஓடும் கார்களின் புகைக்கு ஈடாக வரவு வைக்கப்படுகிறது. நகரத்தார் உண்பதற்கும் உடுப்பதற்குமாக அயல்நாடுகளில் கிளம்பிய புகையோ செலவில் ஏறுவதேயில்லை.

அந்நகரத்து அமாகர் பக்கே என்னும் குப்பை எரிப்பு நிலையத்தின் கூரையில் பனி கிடையாது. பச்சை நிறச் செயற்கை விரிப்பின்மேல் ஜனங்கள் பனிச்சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு சறுக்கி விளையாட, கீழே குப்பையோடு குப்பையாகப் பிளாஸ்டிக்கும் எரிகிறது. அந்தப் புகைபோக்கியிலிருந்து வாயுவைப் பிரித்துப் பூமிக்கடியில் புதைத்துவிட்டால் எஞ்சிய பாக்கி தீருமென்று நம்பியிருந்தார்கள். ஆனால் அரசாங்கத்தின் உதவி நிதிக்கு விதிக்கப்பட்ட மூலதன நிபந்தனைகளுக்கு அந்நிலையம் ஈடுகொடுக்க முடியாமற்போகவே, இலக்கு எட்டாதென்று 2022 ஆகஸ்டில் நகரம் ஒப்புக்கொண்டது. பத்தாண்டுகளில் வாயு பெருமளவு குறைந்திருந்ததால் இதைப் படுதோல்வியென்று நான் சொல்லமாட்டேன். மரச்சில்லுக்குப் பூஜ்யம் எழுதிய அதே பேனாவால் இந்தப் பாக்கிக்கும் ஏதேனும் ஒரு பெயரிட்டுப் பூஜ்யம் எழுதியிருக்கலாம், எழுதவில்லை.