தோட்டத்துக்குப் போகும் பிள்ளைகள், தட்டுக்கு வராத கீரை

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், மார்ட்டின் லூதர் கிங் நடுநிலைப் பள்ளியையொட்டித் தார் போட்டுக் கிடந்த இடம் இன்று ஏறக்குறைய ஒரு ஏக்கர் தோட்டம். உணவகம் நடத்திப் புகழ்பெற்ற ஆலிஸ் வாட்டர்ஸ் 1995-ல் தொடங்கிவைத்த ‘எடிபிள் ஸ்கூல்யார்டு’ இது. பிள்ளைகள் மண்ணைக் கொத்துகிறார்கள், கீரை பறிக்கிறார்கள், பக்கத்திலுள்ள சமையல் வகுப்பில் அதை அலசி, நறுக்கி, வதக்கி, மேசை விரிப்புப் போட்டுச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். காய்கறியைக் கண்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைகூடத் தான் வளர்த்ததை ஒரு வாய் வைத்துப் பார்க்கும். அந்த ஒரு வாய் சாதாரண விஷயமல்ல.

இதைப் போன்ற முயற்சிகள் அமெரிக்கா முழுக்கப் பரவி, பள்ளியையும் பக்கத்துப் பண்ணையையும் இணைக்கும் இயக்கமாக வளர்ந்தன. 2010-ல் வந்த பிள்ளைகள் ஊட்டச்சத்துச் சட்டம் இதற்கென ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் மானியமும் ஒதுக்கியது.

அதே ஆண்டில்தான் ‘அட்லாண்டிக்’ இதழில் கெய்ட்லின் ஃபிளானகன் இந்தத் தோட்டங்களை ஒரு பிடி பிடித்தார். பிழைக்க வந்த பெற்றோர் வயலில் கூலிக்கு முதுகு ஒடியும்போது, அவர்கள் பிள்ளையைப் படிப்பிலிருந்து இழுத்து மறுபடி கீரைப் பாத்தியில் நிறுத்துவதா என்று கேட்டார். குற்றச்சாட்டில் மிகை உண்டு. தோட்ட வகுப்பால்தான் கணக்குப் பாடம் கெட்டது என்பதற்கு அவர் காட்டிய ஆதாரம் வலுவில்லாதது. ஆனாலும் கேள்வியின் முள் எளிதில் உதிராது. அறுவடையின் மகிழ்ச்சி பாடமாகிறது. அறுப்பவரின் கூலி அரிதாகத்தான் பாடமாகிறது.

உண்மையான சிக்கல் தோட்டத்தில் இல்லை, மதிய உணவு வரிசையில் இருக்கிறது. அமெரிக்க வயல்கள் கொழிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பள்ளிகளுக்கு விடுமுறை. பல பள்ளிச் சமையலறைகளின் வேலையோ தயாராக வந்ததைச் சூடாக்கித் தருவது. அங்கே மண் ஒட்டிய கேரட் ஒரு பெட்டி வந்திறங்கினால், கழுவித் தோல் சீவி நறுக்க ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. இதற்கு மேல் டெண்டர் விதி. பக்கத்துப் பண்ணைக்கு முன்னுரிமை தரவே 2008 வரை வழியில்லை. ‘உள்ளூரில் விளைந்ததே வேண்டும்’ என்று ஒப்பந்த நிபந்தனையில் நேரடியாக எழுத 2024 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. அந்தக் கதவு திறந்த எட்டே மாதத்தில், 2025 மார்ச்சில், பள்ளிகள் உள்ளூர் விளைபொருள் வாங்குவதற்கான சுமார் 66 கோடி டாலர் திட்டத்தை வேளாண் துறை ரத்து செய்தது. இதை நம்பி விதைத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பிரேசில் வேறு முனையிலிருந்து தொடங்கியது. பள்ளிச் சாப்பாட்டுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடமே வாங்க வேண்டும் என்று 2009-ல் சட்டம் போட்டது. குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற முறையையும் இந்தப் பங்குக்கு விலக்கிவைத்தது. கொள்முதல் செய்யும் நிர்வாகம் சந்தை நிலவரம் பார்த்து விலையை முன்கூட்டியே அறிவித்துவிடும். உள்ளூர் விவசாயிகளுக்கும் பழங்குடிகளுக்கும் முன்னுரிமை. ஊட்டச்சத்து வல்லுநர் போடும் உணவுப் பட்டியல் அந்தப் பகுதியின் விளைச்சலையும் உணவுப் பழக்கத்தையும் ஒட்டியிருக்க வேண்டும். எந்த மாதம் எத்தனை கிலோ வாழைப்பழம், மரவள்ளி தேவை என்பது முன்கூட்டியே தெரியும். தோட்டச் சுற்றுலா எத்தனை நடத்தினாலும் விவசாயிக்குக் கிடைக்காத உறுதி இது.

அதற்காக பிரேசிலைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். 2017-க்குப் பிறகு ஆறு ஆண்டுகள் உயராமல் கிடந்த மத்திய அரசின் உணவு உதவித்தொகை 2023-ல் உயர்ந்தபோதும், சாதாரணப் பள்ளி மாணவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது பிரேசில் காசில் 50 சென்டவோதான். அதில் 30 சதவீதம் என்றால் 15 சென்டவோ. தலைக்கு இத்தனை காசு என்று கணக்குப் பார்த்துக் காய்கறி வாங்கும் நம்மூர்ச் சத்துணவு அமைப்பாளருக்கு இந்த நெருக்கடி புதிதல்ல. 2020-ல் பள்ளிகள் மூடியதும் பல நகராட்சிகள் கொள்முதலை நிறுத்திவிட, கீரை வயலிலேயே முற்றியது. 30 சதவீதத்தை எட்டாத ஊர்களும் ஏராளம்.

எட்டாததற்கு ஒரு முக்கியமான காரணம் வண்டிச் சத்தம். வண்டி வாடகையும் விலைக்குள் அடக்கம் என்கிறது விதி. ஆனால் வாரந்தோறும் பள்ளிக்கு ஐந்து கிலோ, பத்து கிலோ என்று சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோய் இறக்கினால் அந்த விலை டீசலுக்கே சரி. ஒரே கிடங்கில் சரக்கை வாங்கித் தன் வண்டியிலேயே பிரித்து அனுப்பும் நகராட்சியில் இந்தப் பாரம் குறைகிறது. 2026 முதல் சட்டம் கேட்பது 45 சதவீதம். கிடங்கும் வண்டியும் வைத்திருக்கும் ஊர்கள் அதைத் தொட்டுவிடும். மற்றவை 30-க்கே இன்னும் திணறிக்கொண்டிருக்கும்.