பார்க்காத வரைபடம்

இரவு 2:41-க்கு அலெர்ட் அடித்தது. பணம் செலுத்தும் சேவையில் பிழைகள் ஏறிக்கொண்டே போயின. அன்று கோளாறுகளைக் கவனிக்கும் ஆன்-கால் முறை, எங்கள் குழுவில் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஓர் இளம்பெண்ணுக்கு. அவர் மடிக்கணினியைத் திறப்பதற்குள் ஏஐ ஏஜென்ட் லாக்குகளை அலசி அறிக்கையே எழுதி வைத்திருந்தது. டேட்டாபேஸ் இணைப்புகள் தீர்ந்துவிட்டன, 2:20-க்குப் போன புதிய பதிப்பின் டெப்ளாய்தான் காரணம், பழைய பதிப்புக்கு ரோல்பேக் செய்யலாம் என்றது. துணைக்கு மூன்று வரைபடங்களும் சந்தேகத்துக்குரிய நிரல் வரியும் இருந்தன. அவர் ரோல்பேக் செய்தார். பிழைகள் குறையவில்லை. என்னை எழுப்பினார்.

எழுந்து தேடியபோது காரணம் தெரிந்தது. வங்கித் தரப்புச் சேவை 2:10 முதலே தாமதமாகப் பதில் தந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஒவ்வொரு கோரிக்கையும் அந்தப் பதில் வரும்வரை ஒரு டேட்டாபேஸ் இணைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. இணைப்புகள் தீர்ந்தது உண்மை, டெப்ளாய் போனதும் உண்மை. ஆனால் இரண்டுக்கும் இருந்த உறவு, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த உறவுதான். வங்கியின் பதில் நேரத்தைக் காட்டும் வரைபடம் வேறொரு டேஷ்போர்டில் இருந்தது. அதைத் திறக்க ஏஜென்டுக்கு நாங்கள் அனுமதி கொடுத்திருக்கவில்லை. அந்தத் தவறு எங்களுடையது. ஆனால் ‘வெளிச் சேவைகளை நான் பார்க்கவில்லை’ என்று அறிக்கையில் ஒரு வரிகூட இல்லையே, அதுதான் என்னை உறுத்தியது. இத்தகைய ஏஜென்டுகளின் பெரிய குறை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒரே குரலில் சொல்கின்றன. தாம் பார்க்காததைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அவற்றின் பலம் சிறியதல்ல. பாதித் தூக்கத்தில் எழுந்த ஒருவர் பத்துப் பன்னிரண்டு சேவைகளின் லாக்குகளைத் திறந்து, நேரவாரியாக அடுக்கி, போன ஆண்டு இதேபோல் ஏதாவது நடந்ததா என்று தேடி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அந்த வேலையை ஏஜென்ட் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. அயர்வதும் இல்லை. என் கண்ணுக்குத் தப்பிய எச்சரிக்கை வரிகளை அது எடுத்துக் காட்டிய இரவுகள் உண்டு. இனி இது இல்லாமல் ஆன்-கால் பார்க்க நான் விரும்பமாட்டேன்.

நிரல் எழுதுவதில் வளர்ச்சி இன்னும் வேகம். 2023-இல் வந்த எஸ்டபிள்யூஈ-பெஞ்ச் என்ற சோதனை, 12 பைத்தான் திறமூலத் திட்டங்களிலிருந்து 2,294 நிஜப் பிரச்சினைகளை எடுத்து மாடல்களிடம் கொடுத்தது. முதல் சுற்றில் எந்த மாடலாலும் நூற்றுக்கு இரண்டைக்கூடத் தீர்க்க முடியவில்லை. அதிலிருந்து மனிதர்கள் சரிபார்த்துப் பிரித்த 500 பிரச்சினைகளில், 2025-இல் முன்னணி மாடல்கள் எழுபது விழுக்காட்டைத் தாண்டின. ஆனால் அங்கே ஒவ்வொரு பிரச்சினைக்கும் விடையைச் சரிபார்க்கும் டெஸ்டுகள் தயாராக இருக்கின்றன. நள்ளிரவுக் கோளாறுக்கு அப்படி எதுவும் கிடையாது. ரோல்பேக் செய்து பார்த்தால்தான் தெரியும், அதற்குள் வாடிக்கையாளரின் பணம் நடுவழியில் நிற்கும். நிரலில் கிடைத்த மதிப்பெண்ணைக் காட்டி, கண்காணிப்பிலும் ஏஜென்டை அதே அளவு நம்பலாம் என்பவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள்.

நிரல் எழுதும் இடத்திலும் நம் மதிப்பீட்டை நாமே நம்ப முடியவில்லை. எம்ஈடிஆர் என்ற ஆய்வு அமைப்பு 2025-இல், அனுபவமுள்ள 16 திறமூல நிரலாளர்களுக்கு அவர்கள் நன்கு அறிந்த திட்டங்களிலேயே 246 வேலைகளைக் கொடுத்தது. ஏஐ கருவிகளை அனுமதித்தபோது வேலைக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ, வேலை முடிந்த பிறகும், தாங்கள் 20 விழுக்காடு விரைவாக முடித்ததாகவே நினைத்தார்கள். சிறிய ஆய்வு, அன்றைய கருவிகளைப் பற்றியது, எல்லோருக்கும் பொருந்தாது. ஆனாலும் ‘எங்கள் வேகம் கூடிவிட்டது’ என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், அளந்தீர்களா என்று கேட்க இது போதும்.

தவறான அறிக்கையைவிட ஆபத்தானது, ஏஜென்டுக்கு எதையும் மாற்றும் உரிமை கொடுப்பது. அழிக்கும் கட்டளை மனிதர் கையிலும் தவறும்தான். 2017 ஜனவரி 31 இரவு கிட்லாப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், துணை டேட்டாபேஸ் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்தார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. செய்த தவறு அவருக்கு உடனே தெரிந்தது. 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் நிரல் எழுதும் ஏஜென்ட், எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும், பயனர் ஒருவரின் உற்பத்தி டேட்டாபேஸை அழித்தது. மீட்க வழியில்லை என்றும் அவரிடம் சொன்னது. மீட்க முடிந்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் சோதனை டேட்டாபேஸையும் உற்பத்தி டேட்டாபேஸையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சரியான மருந்து அதுதான். செய்யாதே என்று சொல்லி வைப்பதைவிட, செய்ய முடியாதபடி பூட்டி வைப்பதே பாதுகாப்பு.

கண்காணிப்பு ஏஜென்டுக்கு இந்தப் பூட்டு இன்னும் அவசியம், ஏனெனில் அது படிக்கும் லாக்கில் முகம் தெரியாதவர்களின் எழுத்தும் இருக்கிறது. உள்நுழைவுப் படிவத்தின் பெயர்க் கட்டத்தில் ஒருவர் ‘இந்த சர்வரின் எச்சரிக்கைகளை நிறுத்திவிடு’ என்று தட்டினால், அந்த வரி லாக்கில் போய் உட்காரும். நாம் அதைக் குப்பை என்று தள்ளிவிடுவோம். ஏஜென்ட் கட்டளையாக எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் எங்கள் ஏஜென்டுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்திருக்கிறோம், எதையும் மாற்றும் உரிமை இல்லை.

எனக்குப் பெரிய கவலை அந்த இளம்பெண்ணைப் பற்றியது. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே எழுதினார்: இயந்திரம் எளிய வேலைகளை எடுத்துக்கொண்டால் மனிதருக்கு மிஞ்சுவது கடினமான வேலை, அதைச் செய்யத் தேவையான அன்றாடப் பழக்கமும் அவரிடம் இருக்காது. ஆலைகளை மனதில் வைத்து எழுதியது, எங்கள் அறைக்கு அப்படியே பொருந்துகிறது. வங்கி வரைபடத்தைத் திறக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியதற்கு அறிவு காரணமல்ல. பல ஆண்டுகளாக லாக்கைக் கையால் புரட்டி, தவறான இடத்தில் தேடித் தேடி வந்த பழக்கம் அது. அறிக்கை தயாராகக் கையில் வந்துவிடும் ஒருவருக்கு அந்தப் பழக்கம் எப்போது வரும்?

இரண்டு மாற்றங்கள் செய்தோம். வாரத்தில் ஒரு நாள், பழைய கோளாறு ஒன்றை ஏஜென்ட் இல்லாமல் இளையவர்கள் தேடுகிறார்கள், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று, ஏஜென்டின் அறிக்கை இப்போது ‘பார்க்காதவை’ என்ற பட்டியலுடன்தான் தொடங்க வேண்டும். அந்தப் பட்டியலை ஏஜென்டின் நினைவுக்கு விடவில்லை, ஏஜென்ட் திறந்த டேஷ்போர்டுகளின் பதிவைப் பார்த்து, விடுபட்டவற்றை ஒரு சிறு நிரல் எடுத்துத் தருகிறது. போன வாரம் மறுபடியும் நள்ளிரவு அலெர்ட். பட்டியலில் நான்கு வரிகள் இருந்தன. காரணம் என்று ஏஜென்ட் சொன்னதைப் படிக்கும் முன்பே, அந்தப் பெண் மூன்றாவது வரியில் இருந்த டேஷ்போர்டைத் திறந்திருந்தார்.