தன்விருப்பு ஒப்புக்கொடுத்தல்: இரட்சணிய யாத்திரிகத்தில் இறைசித்தமும் மனிதத் துயரும்

ஆய்வுச்சுருக்கம்

தன் விருப்பத்தை இறைவனின் சித்தத்திற்கு ஒப்புக்கொடுத்தல் கிறித்தவ வாழ்வின் மையக் கருத்துகளுள் ஒன்று. எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் இதனை வைணவச் சரணாகதியின் மொழியில் வழங்குகிறது என்னும் கருத்து ஆய்வுலகில் நிலைபெற்றுள்ளது. அக்காப்பியத்தின் இரட்சணிய சரிதப் படலம் சரணாகதியினின்று வேறுபடும் ஒரு நிலையைக் காட்டுகிறது என்றும், ஒப்புக்கொடுத்தல் ஒருவர் தாமே செய்வதேயன்றிப் பிறர்மேல் சுமத்தத்தக்கது அன்று என்பதே அப்படலம் தரும் தெளிவு என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், தேம்பாவணி, சித்தம், திருவுளம், சரணாகதி, பஞ்சமி நிலம்.

முன்னுரை

கிருட்டிணபிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பராமாயணப் பயிற்சியோடு வளர்ந்து, 1858இல் கிறித்தவரானவர். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 3766 பாடல்களையும் ஐந்து பருவங்களையும் உடையது. நற்போதகம் இதழில் தொடராக வந்து 1894இல் நூலாயிற்று. அவருடைய மனமாற்றத்தையும் பக்தி மொழியையும் டென்னிஸ் ஹட்சன் முதலியோர் வைணவப் பின்னணியோடு இணைத்து ஆராய்ந்துள்ளனர். அவ்விணைப்பு மறுக்கத்தக்கதன்று. எனினும் ஒப்புமையைக் கண்ட அளவில் ஆய்வு நின்றுவிடுமாயின், காப்பியம் புதிதாகச் சொல்வது என்ன என்னும் வினா எழாமற்போகும்.

சித்தமும் திருவுளமும்

இறைவனின் விருப்பத்தைச் சுட்டச் சீர்திருத்தத் திருச்சபையினர் பெரிதும் 'சித்தம்' என்பர். கத்தோலிக்கர் 'திருவுளம்' என்பர். இரண்டும் தமிழில் முன்பே வழங்கியவை. மன்னனின் ஆணையும் ஆண்டையின் விருப்பமும்கூடச் 'சித்தம்' எனப்பட்டன. இறைவனின் விருப்பத்திற்கும் அதிகாரமுடையோரின் விருப்பத்திற்கும் ஒரே சொல் வழங்குவதில் ஓர் இடர் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

'திருவுளம்' என்னும் சொல் 'திருவுளச்சீட்டு' என்னும் வழக்கிலும் வாழ்கிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரிக்கின்றன. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்படும். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துத் தருவான். யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தெரிந்தபோது இயேசுவின் சீடர்களும் சீட்டே போட்டனர். சீட்டின் முன் மனித விருப்பம் பேசுவதில்லை. பேசாதிருப்பதே அம்முறையின் நேர்மை. கெத்செமனேயில் நிகழ்வதோ இதற்கு மறுதலை. அங்கு இயேசு துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்க வேண்டுமென வெளிப்படையாகவே மன்றாடுகிறார். அதன் பின்னரே தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்திற்கு விட்டுக்கொடுக்கிறார். சொல்லப்படாத விருப்பத்தை ஒப்புக்கொடுக்க இயலாது என்பது இதனால் பெறப்படும்.

தமிழ்க் கிறித்தவக் காப்பிய மரபு இதனை முன்பே உணர்ந்திருந்தது. வீரமாமுனிவர் 1726இல் நிறைவுசெய்த தேம்பாவணியில், மரியாள் கருவுற்றமை அறிந்து வளன் கலங்குவதற்கு 'ஐயந்தோற்று படலம்' என ஒன்றும், அக்கலக்கம் தீர்வதற்கு 'ஐயநீங்கு படலம்' என ஒன்றும் அமைந்துள்ளன. மத்தேயு சில வசனங்களில் முடிக்கும் செய்தி இது. கீழ்ப்படிதலுக்கு முந்திய மனவேதனைக்குக் கவிஞர் ஒரு முழுப் படலத்தையே ஒதுக்கியிருத்தல் கருதத்தக்கது.

சரணாகதியோடு ஒப்புநோக்கல்

காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் (1268–1369) சரணாகதியைக் கோட்பாடாக நிறுவியோருள் தலையாயவர். அவருடைய அடைக்கலப்பத்து கச்சிப் பேரருளாளனை நோக்கி அமைந்தது. வைணவம் வகுத்த ஆறு அங்கங்களுள் முதலாவது, இறைவனுக்கு உகந்ததையே செய்வேன் என்னும் உறுதி. ஆதலின் இறைவிருப்பத்திற்கு இசைதல் சரணாகதிக்குப் புறம்பானதன்று. ஆயினும் அதன் அழுத்தம் சுமையை ஒப்படைத்தலில் விழுகிறது. தன்னைக் காக்கும் பொறுப்பை இறைவன்பால் வைத்தவன் அது குறித்த கவலை நீங்கியவனாகிறான்.

கெத்செமனேயின் ஒப்புக்கொடுத்தலிலோ சுமை நீங்குவதில்லை. அதன் பின்னரே சிலுவை தோளில் ஏறுகிறது. முன்னது அடைக்கலம், பின்னது ஏற்பு. கிருட்டிணபிள்ளையின் பக்திப் பாடல்களில் அடைக்கல மொழி மேலோங்குகிறது. கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் இரட்சணிய சரிதப் படலத்தில் ஏற்பு மொழி மேலோங்குகிறது. பாடற்பகுதிக்கேற்ப மாறும் இவ்வேறுபாட்டைச் 'சரணாகதி' என்னும் ஒரு சொல்லால் மூடிவிடுதல் பொருந்தாது.

கட்டுண்டவரும் கண்டோரும்

அப்படலத்தில் இயேசு கயிற்றால் கட்டுண்டு நிற்கிறார். ஏளனச் சொற்களுக்கு மறுமொழி கூறவில்லை. அவரைப் பிணித்தது கயிறு அன்று, தம்மைப் பகைத்த மக்கள்மேல் அவர் கொண்ட அன்பே என்பது கவிஞரின் விளக்கம். எதிர்க்கும் ஆற்றல் இருந்தும் எதிர்க்காமை என்று இங்குத் தெளிவாக்கப்படுவதால், ஒப்புக்கொடுத்தல் இயலாமையினின்று பிரித்துக் காட்டப்படுகிறது. தம் துன்பத்தினும், அதனைச் செய்வோர்க்கு விளையும் கேட்டினை எண்ணியே அவர் வருந்துகிறார்.

இத்துணையும் சொன்ன கவிஞர், கண்டு மனம் வெதும்பியோரின் புலம்பலையும் உடன்வைக்கிறார். நிலம் ஏன் பிளக்கவில்லை, வானம் ஏன் இடிந்து வீழவில்லை, கடல் ஏன் வற்றவில்லை என அவர்கள் வினவுகின்றனர். இப்புலம்பலை அவலச்சுவை மிகுக்கும் உத்தி என்று கொள்ளலாம். ஆனால் இதற்கு அதனினும் பெரிய பணி உண்டு. கட்டுண்டவர் அமைதியாக இருக்கிறார். கண்டவர் அமைதியாக இல்லை. கட்டுண்டவரின் அமைதியைக் கண்டவர்க்கு நெறியாகக் கவிஞர் விதிக்கவில்லை. 'இது தேவசித்தம், பொறுத்திருங்கள்' என்று எவரும் அவர்களைத் தேற்றவும் இல்லை. தந்தையின் சித்தத்திற்கு மகன் இசைந்தார் என்பதால் பிலாத்துவின் அவையில் நடந்தது நீதியாகிவிடாது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்தியதே இப்படலத்தின் சிறப்பு.

எவர் சித்தம்?

இவ்வேறுபாடு இலக்கிய நயம் மட்டுமன்று. உத்திரமேரூர் அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில், ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலையை விரித்து 1891இல் அறிக்கை அளித்தார். அதனையொட்டிய 1892ஆம் ஆண்டு அரசாணை அம்மக்களுக்கு நிலம் வழங்க வழிசெய்தது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரு முதலிய மிஷனரிமார் அந்நிலத்திற்காகக் குரல்கொடுத்தனர். காப்பியம் நூலானது அதற்கு இரண்டாண்டுகள் கழித்து. இரண்டிற்கும் நேர்த்தொடர்பு கற்பித்தல் இங்கு நோக்கமன்று. இறைசித்தத்திற்கு அடங்குக எனப் போதித்த திருச்சபையின் ஊழியரே, நிலவுடைமையாளரின் சித்தம் இறைசித்தம் ஆகாது என்பதைச் செயலில் காட்டினர் என்பதே குறிக்கத்தக்கது.

இன்றும் கூலி மறுக்கப்பட்டவரிடமும், கணவனின் அடியைத் தாங்கும் பெண்ணிடமும் 'ஆண்டவர் சித்தம்' என்று பிறர் ஆறுதல் சொல்வதுண்டு. அப்பெண் தன் செபத்தில் அச்சொல்லைச் சொல்வாளாயின் அது ஒப்புக்கொடுத்தல் ஆகலாம். அவளிடம் பிறர் சொல்லும்போது அது அடக்குதல் ஆகிறது. சொல் ஒன்றே, சொல்பவர் மாறும்போது பொருள் தலைகீழாகிறது.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகத்தின்வழி ஒப்புக்கொடுத்தலுக்கு மூன்று வரையறைகள் பெறப்படுகின்றன: விருப்பம் முதலில் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும், மறுக்கும் ஆற்றல் உடையவரின் இசைவாக அது இருத்தல் வேண்டும், அதனைத் தமக்காக ஒருவர் தாமே செய்தல் வேண்டும். முதலாவது கெத்செமனே மன்றாட்டில் வேர்கொண்டு தேம்பாவணியிலும் காணப்படுவது. ஏனைய இரண்டும் இரட்சணிய சரிதப் படலம் தருபவை. காப்பியத்தின் பக்திப் பாடல்களையும் இவ்வரையறைகளோடு பொருத்திப் பயிலின், அடைக்கலம் எங்கு முடிகிறது, ஏற்பு எங்குத் தொடங்குகிறது என்பது மேலும் துலங்கும். அப்படலத்தைப் படிப்போர் கட்டுண்டவரின் அமைதியோடு கண்டோரின் கேள்விகளையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.