அவிழ்த்துப் பின்னும் நாற்காலி

இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலியை அழகுப் பொருளாக யாரும் கொண்டாடுவதில்லை. ஆனால் உடையவரே கைவைத்துச் சரிசெய்ய இடம் தருவதே நல்ல பொருளுக்கு அடையாளம் என்றால், இதற்குத்தான் முதல் மரியாதை. தேய்வது ஒயர், நிலைப்பது சட்டம். இரண்டும் ஒட்டிப் பிறந்தவை அல்ல. அறுந்த ஒயரை அவிழ்த்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு கோட் பெயிண்ட் அடித்துப் புது ஒயரை இழுத்துக் கட்டினால் நாற்காலி மறுபடி தயார். நிறமும் கட்டமும் பின்னுபவர் இஷ்டம். இழுவை மட்டும் இஷ்டத்துக்கு விட்டதல்ல: ஓரிடத்தில் தளர்ந்தால் அங்கே குழி விழும், உட்காருபவரின் இடுப்பே அதைச் சொல்லிவிடும். கயிற்றுக் கட்டிலும் இந்த இனம்தான். கால்மாட்டுக் கயிற்றை இறுக்கினால் தொய்வு மறையும்.

ஒரே வார்ப்பாக வரும் பிளாஸ்டிக் நாற்காலி மலிவு, கனமில்லை, மழைக்கும் அஞ்சாது. உண்மைதான். ஆனால் ஒரு கால் விரிசல் விட்டால் முழு நாற்காலியும் காயலான் கடைக்குத்தான். ஒயரும் பிளாஸ்டிக்தானே, வெயிலில் நொறுங்காதா என்றால், நொறுங்கும். அப்போது குப்பைக்குப் போவது ஒயர் மட்டும். பின்ன யாருக்கு நேரம் இருக்கிறது என்பது இன்னும் வலுவான கேள்வி. நேரமில்லாதவர் கூலி கொடுத்துப் பின்னிக்கொள்ளலாம்; சட்டம் அதற்கும் இடம் தருகிறது. நேரமுள்ளவருக்கோ சிவன் கண் என்னும் பின்னலில் ஒயர் கூடை பின்னிப் பழகிய விரல்கள் இருந்தால், நாற்காலி சற்றே பெரிய வேலை, அவ்வளவுதான்.