புரவலர் ஆண்பாலா?

'புரவலன்' என்பதற்குப் பெண்பாற் சொல் என்னவென்று என் வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் திகைப்பார்கள். வழக்கில் அப்படியொரு சொல் இல்லை. இது இலக்கணத்தின் குறையன்று. நினைவுகளை எழுதிவைத்தவர்களின் குறை. சசூன் குடும்பத்தைப் பற்றி ஜோசப் சசூன் 2022 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வரலாற்று நூலை இந்தக் கேள்வியோடுதான் வாசித்தேன்.

பக்தாதிலிருந்து வந்து பம்பாயில் குடியேறிய யூத வணிகர் தாவீத் சசூன். அவரது வழியில் 1859 இல் பம்பாயில் பிறந்தவர் புளோரா. வீட்டுப் பெயர் பர்ஹா. மகிழ்ச்சி எனப் பொருள்படும் அரபுச் சொல். தாயின் தந்தை 1890 இல் பரோனெட் பட்டம் பெற்றவர். இலண்டன் மேட்டுக்குடியினரின் நினைவில் புளோரா, விருந்துபசாரங்களால் பெயர்பெற்ற ஒரு சீமாட்டி.

அந்த நினைவு பாதி உண்மை மட்டுமே. கணவர் 1894 இல் இறந்தபின் பம்பாயில் குடும்ப வணிகத்தை நடத்தியவர் அவரே. கொள்ளைநோய்க் காலத்தில் ஹாப்கினின் தடுப்பூசிக்குத் துணைநின்று, மக்கள் அஞ்சிய ஊசியைத் தானும் ஏற்றிக்கொண்டார். 1901 இல் இலண்டன் சென்றார். குடும்பத்து ஆண்கள் அவரை நிர்வாகத்திலிருந்து ஒதுக்கியதை ஜோசப் சசூன் மறைக்காமல் எழுதுகிறார். அபினி வணிகத்தால் சேர்ந்த செல்வத்தையும் அவர் பூசிமெழுகவில்லை. புரவலரைப் புகழும் நம் எழுத்துக்கள் பணம் வந்த வழியைக் கேட்பது அரிது.

நூலாசிரியருக்குக் கைகொடுத்தவை குடும்பத்தின் கடிதங்கள். மொழி அரபு, எழுத்து எபிரேயம். அரபு எழுத்தில் தமிழை எழுதிய நமக்கு இது அந்நியமானதல்ல. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கே அந்த வீடு திறந்தது. நமது அரபுத்தமிழ் ஏடுகளை வாசிக்கக்கூடியவர்கள் இன்று எத்தனைபேர் என்பதையும் இவ்விடத்தில் யோசிக்க வேண்டியுள்ளது.

வணிக வரலாறு என்பதால் நூலின் கனம் கணக்கேடுகளின் பக்கமே சாய்கிறது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது புளோராவின் புலமையை. எபிரேயம், அரபு உட்படப் பல மொழிகள் அறிந்தவர். 1924 இல் இலண்டன் யூதக் கல்லூரியில் மார்க்கச் சொற்பொழிவாற்றினார். வேத உரையாசிரியர் ராஷியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவரது மகன் திரட்டிய எபிரேயக் கையெழுத்துப் பிரதிகளின் விபரப்பட்டியல் 1932 இல் வெளிவந்தது. 1936 இல் புளோரா மறைந்தார். இத்தகைய ஒருவரை 'விருந்தளித்தவர்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கியது எப்படி நியாயமாகும்?

சீறாப்புராணத்தோடு சீதக்காதியின் பெயரையும் அபுல் காசிம் மரக்காயரின் பெயரையும் நன்றியோடு சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் நமது மட்டக்களப்பு வாவிக்கரையில் குடி தாய்வழி; வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது; கணவன் அங்கே வந்து சேர்பவன். அந்த வீட்டு விறாந்தையில் கவியரங்கு நடந்தால் இடம் பெண்ணுடையது, சோறும் தேநீரும் அவளுடைய உழைப்பு. மறுநாள் எழுதப்படும் குறிப்பிலோ 'இன்னாரின் இல்லத்தில்' என்று கணவரின் பெயர் நிற்கிறது.

நமது இலக்கிய வரலாற்றை எழுத முனைவோர் அந்த விறாந்தைகளின் உரிமைக்காரிகள் யாரென்று விசாரித்து, பெயர்களைப் பதிவுசெய்ய வேண்டும். கேட்டுச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.