புகுதலும் நீங்குதலும்

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமேற்று, ஒரு கதையைத் தம் வாய்மொழியாலேயே நிகழ்த்திச் செல்லும் விளையாட்டொன்று 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அச்சாகி வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் ஆகிய இருவர் ஆக்கிய அதன் பெயர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. இன்று பெருநகரங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் சிலரும் விடுமுறை நாள்களில் இதனை ஆடுகின்றனர். பெயரின் பிற்பாதியிலுள்ள பறவைநாகத்தைப் பற்றி ஐயம் எழுவதில்லை. முற்பாதியிலுள்ள 'டஞ்சன்' என்பது யாது என்பதில்தான் ஆடுவோரிடையே ஓயாத வழக்கு.

ஆட்டத்தின் முறை எளியது. நடுவராக இருப்பவர் கட்டமிட்ட தாளில் அறைகளையும் தாழ்வாரங்களையும் முன்னரே வரைந்து மறைத்து வைத்திருப்பார். மற்றவர் அவர் சொல்லக் கேட்டே வழி காண வேண்டும். அவர்களுள் ஒருவர் கேட்டதைக் கொண்டு தாமும் ஒரு படம் வரைந்துகொள்வார். அடுக்கடுக்காகக் கீழே இறங்க இறங்க இடரும் பெருகும், புதையலும் பெருகும். முதற்பதிப்பு மூன்று சிறு நூல்களாக வந்தது. மூன்றாவதன் தலைப்பே பாதாள உலகைச் சுட்டியது. ஆகவே டஞ்சன் என்றால் நிலத்தடியில் இருக்க வேண்டும் என்பார் சிலர். பாழடைந்த கோபுரமும், கரை ஒதுங்கிய கப்பலும், ஏன், வழி தெரியாத அடர்கானமும் டஞ்சனே என்பார் வேறு சிலர். அறைகளும் அவற்றை இணைக்கும் வழிகளும், எவ்வழிச் செல்வது என்ற தெரிவும் இருந்தால் போதும் என்பது இவர்கள் கட்சி. கூரையையும் மண்ணையும் கொண்டு இதனை முடிவு செய்ய இயலாது என்ற அளவில் பின்னவர் கூற்று சரியே. ஆயினும் இரு சாராரும் ஒன்றைக் கேட்கத் தவறுகின்றனர்: உள்ளே இருப்பவர் எவ்வாறு உள்ளே வந்தார்?

அச்சொல்லின் வரலாறே இக்கேள்வியை எழுப்புகிறது. பழைய பிரெஞ்சு மொழியில் 'தோன்ஜோன்' என்பது கோட்டையின் நடுவே ஓங்கி நின்ற கோபுரம். கோமகன் வாழ்ந்த இடம். 'ஆண்டவர்' எனப் பொருள்படும் 'தோமினுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து கிளைத்தது அது. இலத்தீன் திருப்பலியில் நம் முதியோர் கேட்டுப் பழகிய அதே தோமினுஸ்தான். உச்சியைக் குறித்த சொல், ஆங்கிலத்திற்குச் சென்றபின், அக்கோபுரத்தின் அடியிலிருந்த இருட்சிறையைக் குறிக்கலாயிற்று. ஆண்டவன் மாடத்திலும் அடைபட்டவன் அடித்தளத்திலும் இருந்தனர். சொல் மெல்ல மாடத்தை விட்டுக் கீழிறங்கி அடைபட்டவனோடு தங்கிவிட்டது. பின்னர் விளையாட்டு அதனை எடுத்துக்கொண்டபோது, புதையலும் பொறிகளும் கொடிய உயிர்களும் நிறைந்த புதிர்க்காடு என்ற பொருள் வந்து சேர, அடைபட்டவன் ஏறக்குறைய மறைந்தே போனான்.

இதனைக் கண்ணால் காண விழைவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. விக்கிரவாண்டிக்கு வடமேற்கே செஞ்சி நிற்கிறது. 2025இல் மராட்டியர் காலப் படைத்தலங்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக யுனெஸ்கோ அதனை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. ராஜகிரியின் உச்சியை அடைய வாயிலுக்குப் பின் வாயிலாகக் கடந்து, இறுதியில் ஓர் ஆழ்ந்த பாறைப் பிளவைப் பாலத்தின் வழியே தாண்ட வேண்டும். விளையாட்டு நடுவர் எவரும் இதைவிடச் சிறந்த வரைபடத்தைத் தாளில் தீட்டியிருக்க மாட்டார். முற்றுகையிட்ட முகலாயப் படைக்கு இது பல ஆண்டுகள் புக இயலாத புதிராகவே இருந்தது. 1698இல் வீழ்வதற்குமுன் மராட்டிய அரசர் ராஜாராம் தப்பிச் சென்றார். புகுவோருக்கும் வழி இருந்தது, நீங்குவோருக்கும் வழி இருந்தது. அதே கோட்டையின் அடிவாரத்தில், குளங்களுக்கு அருகே, 'கைதிகள் கிணறு' எனப்படும் ஒரு பெரும்பாறை உண்டு. இயற்கையாகவே நடுவில் துளைபட்ட அப்பாறையின் அடியை அடைத்து, மேலே வட்டச் செங்கற்சுவர் எழுப்பியுள்ளனர். தண்டனை பெற்றோரை அதனுள் எறிந்து பசியால் மடிய விட்டனர் என்பது வழிவழிச் செய்தி. அதில் அறைகள் இல்லை, தாழ்வாரம் இல்லை, தெரிவும் இல்லை. தரைக்கு மேலே நிற்கும் பாறைதான், நிலத்தடியும் அன்று. ஆடுவோரின் இலக்கணப்படி அது டஞ்சனே ஆகாது. ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளின்படியோ, செஞ்சி முழுவதிலும் அது ஒன்றே டஞ்சன்.

நம் இலக்கியம் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. கம்பர் கிட்கிந்தா காண்டத்தில் ஒரு படலத்திற்கு 'பிலம் புக்கு நீங்கு படலம்' என்று பெயர். சீதையைத் தேடிச் செல்லும் வானரர் இருண்ட பிலமொன்றில் புகுகின்றனர். ஒருவரையொருவர் காண இயலாத இருளில் அனுமனே அவர்களுக்கு வழித்துணை. உள்ளே எதிர்பாராத பொன்னகரம். அங்கே தவமிருக்கும் சுயம்பிரபை. இறுதியில் அனுமன் பேருருக் கொண்டு பிலத்தைப் பிளக்க, அனைவரும் வெளியேறுகின்றனர். இருள், வழித்துணை, வியப்பு, காவலிருப்பவள், வெளியேற்றம் என ஆட்டத்தில் வேண்டுவன யாவும் இங்குண்டு. புகுதலையும் நீங்குதலையும் ஒருசேரத் தலைப்பிலேயே வைத்தது அந்தப் படலம். ஆடுவோர் தேடும் இலக்கணம் அத்தலைப்பில் அடங்கியிருக்கிறது என்பேன்: தன் காலால் புகுந்து, தன் மதியால் நீங்கத்தக்க இடமே அவர்களுடைய டஞ்சன். பிலம் என்பதே அதற்குரிய தமிழ். 'பாதாளச் சிறை' என்று மொழிபெயர்ப்பது பிழை.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' புதினத்திலும் இவ்வேறுபாடு துலங்குகிறது. தஞ்சையில் பழுவேட்டரையரின் நிலவறைக்குள் வந்தியத்தேவன் தானே நுழைகிறான். இருளில் தடவித் தடவி வழி கண்டு வெளியேறுகிறான். வாசகருக்கு அச்சமும் உண்டு, இன்பமும் உண்டு. கதையின் பிற்பகுதியில், இளவரசர் கரிகாலனைக் கொன்றான் என்ற ஐயத்தின்பேரில் அதே தஞ்சையில் அவன் பாதாளச் சிறையில் அடைக்கப்படுகிறான். அங்கே அவனுடைய துணிச்சல் மட்டும் போதவில்லை. வெளியிலிருந்து ஒருவன் வந்து கதவைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கல்கியின் சுரங்க வழிகள் பல வேளைகளில் கதையாசிரியரின் வசதிக்காகவே தோன்றுகின்றன என்பது என் குறை. எனினும் நிலவறைக்கும் சிறைக்கும் உள்ள இந்தத் தொலைவை அவர் மறக்கவில்லை.

விவிலியத்திலும் சிறையின் அடையாளம் இதுவே. எரேமியாவைக் கயிற்றால் கட்டி நீரற்ற, சேறு நிறைந்த கிணற்றில் இறக்கினர். அவரை மீட்டவர் எத்தியோப்பியரான ஓர் அரண்மனை அலுவலர். கயிறு அக்குளை அறுக்காதிருக்கப் பழந்துணிகளையும் கந்தைகளையும் முதலில் கீழே இறக்கினார் என்ற சிறு குறிப்பை நான் வியந்து படிப்பதுண்டு. கிணற்றின் ஆழத்தை அறிந்தவர் எழுதிய வரி அது.

1980களில் அமெரிக்காவில் பெற்றோரும் சபைப் போதகரும் பலர் இவ்விளையாட்டு அலகை வழிபாட்டுக்கு இட்டுச் செல்லும் என்று கண்டனம் செய்தனர்; 1983இல் அதற்கெனவே ஓர் எதிர்ப்பு அமைப்பும் தோன்றிற்று. நூல்களில் அச்சிடப்பட்ட பேய்களின் பெயரும் படமும் அவர்களை அச்சுறுத்தின. கற்பனைப் பேய்க்கு அஞ்சியவர்கள், ஒரு சிறைச்சாலையின் பெயர் கேளிக்கையின் பெயராயிற்றே என்று கேட்டதாகத் தெரியவில்லை. திறனாய்வு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

ஆடுவோருக்கு நியாயமும் செய்ய வேண்டும். அடைபட்டவன் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கைகாக்ஸ் எழுதி 1979இல் வெளிவந்த 'கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்' என்னும் ஆட்டநூலில் எல்லைக் கோட்டை ஒன்றும், அதற்கெதிரே பள்ளத்தாக்கில் பல இனக் கொடியோர் வாழும் குகைகளும் வருகின்றன. புதிதாக ஆடத் தொடங்கியோர் பலர் கற்றது இந்நூலில்தான். குகைகளில் போர்மறவர் மட்டுமல்லர், அவ்வினங்களின் பெண்டிரும் பிள்ளைகளும் உள்ளனர். அவர்களை என்செய்வது என்பதில் ஆடுவோர் இன்றளவும் பிணங்குகின்றனர். ஒரு குகையில், உணவாக்கப்படுவதற்கென்றே சங்கிலியில் பிணைக்கப்பட்ட சிலர் கிடக்கின்றனர். வணிகர் ஒருவர், அவர் மனைவி, காவல் வீரன் ஒருவன். இவர்களை மீட்டால் வெகுமதியும் நன்றியும் உண்டு. அவர்களோடு பகை இனத்தார் இருவரும் அதே சுவரில் பிணைக்கப்பட்டுள்ளனர். ஒருவன் கையில் ஆயுதம் தந்தால் உடன் நின்று போரிடுவான், வாய்ப்புக் கிடைத்தால் ஓடிப்போவான். மற்றவனோ சித்தம் கலங்கியவன். கட்டவிழ்த்தவர் மீதே பாய்வான். இது நடுவருக்குத் தெரியும், ஆடுவோருக்குத் தெரியாது. சாவி அவர்கள் கையில் இருக்கிறது. அந்த ஐந்தாவது சங்கிலியின் முன் நின்று அவர்கள் பேசிக்கொள்ளும் சில நிமிடங்களில்தான், அந்த மேசையின் மேல் உண்மையிலேயே ஒரு டஞ்சன் இருக்கிறது.